வோல்ட்டர் பெல்லமியின் செத்தவீடு

ஒரு மனிதரின் எண்பது வருடத்தை எட்டுப் பக்கத்துக்குள் மடக்கிக் கொடுப்பது தில்லையம்பலத்துக்குக் கைவந்த வித்தை. பாரிஸின் லா சப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிரிந்து போகும் தெருவொன்றில், சஞ்சீவனின் அச்சகத்தில் இருபது வருடமாக அவருக்கு அதுதான் உத்தியோகம். கலியாண அழைப்பிதழ், பிறந்தநாள் பதாகை, சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பலகை எல்லாம் அங்கே அடிப்பார்கள். அவற்றையெல்லாம் சஞ்சீவன் பார்த்துக்கொள்வான். யாராவது மண்டையைப் போட்டால் மட்டும் தில்லையம்பலத்தைக் கூப்பிடுவான்.

செத்த அன்றைக்கே மரண அறிவித்தல் அடித்தாக வேண்டும். கறுப்புக் கரை, இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு, நடுவில் படம். 'யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸை வதிவிடமாகவும் கொண்ட இன்னார்' என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் மைத்துனரும் என்று தேர்வடம் போல நீளும். பின்னேரத்துக்குள் அது லா சப்பல் கடைக் கதவுகளில் ஒட்டப்பட்டுவிடும். பிறகு முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம். செத்தவரின் வரலாறு முழுக்க அதில் இருக்கும். இரண்டையும் எழுதுகிறவர் தில்லையம்பலம். ஒரு மருமகளின் பெயரை விட்டுவிட்டால் வீடு இரண்டாகும். மைத்துனர்களின் வரிசை பிசகினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் கைவைக்காமல் எழும்பிப் போவார்கள். அவர் அப்படி ஒரு பிசகும் விட்டதில்லை. லா சப்பலில் யாருக்கு யார் என்ன முறை என்பது அவருடைய விரல் நுனியில் இருந்தது.

தனக்கு யார் என்ன முறை என்று கேட்டால்தான் மனிதர் திணறுவார். கொன்றையடியில் பிறந்து, கொன்றையடிக் கல்லூரியில் படித்து, சண்டை தொடங்கிய காலத்தில் பாரிஸ் வந்து, ஓர் உணவகத்தின் நிலவறையில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவியவர். மூன்று இடத்தில் கலியாணம் பேசினார்கள், மூன்றும் தட்டிப்போயின. நாலாவது எல்லாம் பொருந்தி வந்தது, அதை அவரே வேண்டாம் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது. ஒரே தமையன் மெல்பேணில் காலமாகிவிட்டார். பக்கத்திலேயே மார்க்ஸ் டோர்மோயில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அவருக்கு ஓர் அறை. பாரிஸின் பழைய அறைகள் எல்லாவற்றிலும் இருப்பதுபோல அங்கேயும் சுவரில் ஒரு கணப்பு அடுப்பு உண்டு. அதன் வாயைப் பலகை போட்டு எப்போதோ அடைத்துவிட்டார்கள். மேலே இருந்த சலவைக்கல் தட்டில் தில்லையம்பலம் பிள்ளையாரையும் முருகனையும் வைத்திருந்தார்.

இந்தக் கதை நடந்தபோது அவருக்குக் கண்ணில் ஒரு சங்கடம் வந்திருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. எழுத்துக்கள் எல்லாம் ஆவி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோலத் தெரிந்தன. ஒப்பரேசன் ஒன்றும் பெரிய காரியம் இல்லை, காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வரவேண்டும். அன்றிரவு பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் வெளியே விடமாட்டார்கள்.

தில்லையம்பலம் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு முறை வேண்டும் அல்லவா? மகன் என்றால் கேட்கலாம், மருமகன் என்றால் உரிமையோடு ஏவலாம். அச்சக முதலாளி என்பது என்ன முறை? எதிர்க் கடையில் வேலைசெய்யும் நிரோஜினி என்ன முறை? ஒருமுறை கால் சுளுக்கு என்று பொய் சொல்லித் தேதியை மாற்றினார். அடுத்த முறை வேலை என்றார். மூன்றாவது ரந்தேவுக்குத் தேதி கொடுத்தபோது கிளினிக் பெண் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, இதையும் தள்ளினால் வரிசையின் கடைசிக்குப் போவீர்கள், அடுத்த வருடம்தான் என்றாள். அடுத்த வருடம்வரை எழுத்துத் தெரியாமல் என்ன வேலை செய்வது? இருந்தும் அவர் வாய் திறக்கவில்லை. அவ்வளவு வறட்டுப் பிடிவாதம்.

இந்த நிலைமையில்தான் சாரதாதேவி ரீச்சர் புறநகர் எபினேயிலிருந்து வந்து இறங்கினார். ரீச்சர் கொன்றையடிக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளைத் தலைவி. பள்ளிக்கூடத்தை விட்டு எவ்வளவு காலமானாலும், எதிரில் நிற்பவரின் நகத்தில் ஊத்தை இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"தில்லையம்பலம், எங்கடை கல்லூரி மண்டபத்துக்கு நூறு வருசம். ரொறன்ரோக் கிளை கூரை போட்டுக் குடுக்குது. லண்டன் கிளை கதிரை மேசை. எங்களுக்கு ஆளைத் தந்திருக்கினம்."

"எந்த ஆளை ரீச்சர்?"

"மண்டபம் கட்டின வெள்ளைக்காரனை. வோல்ட்டர் பெல்லமி. அவர் செத்தது பாரிஸிலையாம். அப்ப உங்கடை ஆள்தானே எண்டு எங்கடை தலையிலை கட்டிப்போட்டினம். அவரின்ரை வாழ்க்கை வரலாறு விழா மலரிலை வரவேணும். நீங்கள்தான் எழுதவேணும். பாரிஸ் கிளையின்ரை மானம் உங்கடை கையிலை."

தில்லையம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மண்டபத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து குந்தியிருந்தவர் அவர். அதை ஒருவன் கட்டியிருப்பான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மழை, வெயில் மாதிரி அதுவும் இருந்தது, அவ்வளவுதான். ஒன்றே ஒன்றுதான் அந்த வயதிலும் விளங்காமல் இருந்தது. மண்டபத்தின் வடக்குச் சுவரில் ஒரு கணப்பு அடுப்பு இருந்தது. கரி வைக்கிற இரும்புத் தட்டோடு, கூரைக்கு மேலே புகைபோக்கியோடு, ஒழுங்கான அடுப்பு. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டுகிற ஊரில் எந்த மடையன் இதை வைத்தான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதிபர் பிரம்புகளை அதற்குள் போட்டு வைத்திருந்தார்.

அந்த மடையனின் வரலாறு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மின்னஞ்சலில் வந்து குவிந்தது. எழுத்தைத் தலையளவுக்குப் பெருப்பித்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டது போலத் தில்லையம்பலம் படித்தார். நொரிச் நகரத்தில் தச்சரின் மகனாகப் பிறந்தான் என்றது லண்டன். பாதிரியாரின் மகன் என்றது ரொறன்ரோ. சிற்றப்பனின் அலுவலகத்தில் தேவாலயங்களின் படம் கீறிப் பழகினான் என்பதில் இரு பகுதியும் ஒத்துப்போயின. இருபத்தைந்து வயதில் கப்பலேறிச் சென்னைக்குப் போய், அரசாங்கப் பொதுப்பணித் துறையில் உதவிக் கட்டடக் கலைஞனாகச் சேர்ந்தான். அங்கே ஒரு சிறு நகரத்துக்கு நீதிமன்றம் கட்டும் வேலை கிடைத்தது. அப்போதிருந்த பெரியவர், இந்தியக் கட்டடம் இந்தியாவைப் போல இருக்கட்டும், குவிமாடம் வை என்றார். முன்பக்கம் எழும்பியதும் அவர் மாறிப்போய் அடுத்தவர் வந்தார். இதென்ன கூத்து, ரோமாபுரித் தூண் வை என்றார் அவர். பெல்லமி இருவர் பேச்சையும் கேட்டான். ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு முன்னால் போகிறவர் நவாப்பின் மாளிகைக்கு வந்ததாகவும், பின்கதவால் வெளியே வருகிறவர் ரோமாபுரியில் நிற்பதாகவும் நினைத்துக்கொள்வார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அவனைக் கொழும்புக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே சுங்கப் பண்டகசாலைகளும் ரயில் நிலையக் கழிப்பறைகளும் கீறிக் காலம் போயிற்று.

கடைசியாகத்தான் கொன்றையடி. மூன்று வருடம் ஊரில் தங்கி நின்று கட்டினானாம். முருகைக்கல், பனைமரச் சலாகை, சீமை ஓடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டு கட்டியது. அது ஒன்றுதான் அவன் கட்டியதில் ஒருவரும் பழி சொல்லாத கட்டடம். அது முடிந்ததும் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறினான். இங்கிலாந்துக்குப் போகவில்லை. பாரிஸுக்கு வந்து, கார் து நோருக்குப் பின்னால் ஒரு ஹோட்டல் அறையில் இருந்து, அங்கேயே செத்துப்போனான். ஏன் பாரிஸ்? லண்டனுக்கும் தெரியவில்லை, ரொறன்ரோவுக்கும் தெரியவில்லை. அடுப்பு ஏன் என்பதும் தெரியவில்லை. செத்த வருடத்தில்கூட இரண்டு கிளைக்கும் சண்டை. படம் மூன்று அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் மீசை, ஒன்றில் தாடி, ஒன்றில் இரண்டும் இல்லை. ஒரே ஆள்தானா என்று தில்லையம்பலத்துக்குச் சந்தேகம்.

அச்சகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும்போது அவர் அண்ணாந்து பார்த்தார். எந்த ஜன்னல் அவனுடையது? ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது புடவைக் கடையா, தொலைபேசிக் கடையா, கொத்துரொட்டிக் கடையா? எல்லாமே மங்கலாக ஒன்றுபோலத் தெரிந்தன.

எழுத உட்கார்ந்தால் ஓர் அடி நகரவில்லை. அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். யாருடைய வரலாறாக இருந்தாலும் முதலில் கணினியில் மரண அறிவித்தலின் அச்சைத் திறந்து, பெயர், பிறப்பிடம், வதிவிடம், உறவு என்று நிரப்பிப் பார்ப்பார். எலும்பு சரியாக நின்றால் பிறகு சதை பிடிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. பெல்லமிக்கும் அப்படியே திறந்தார். 'இங்கிலாந்து நொரிச்சைப் பிறப்பிடமாகவும், சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணம் கொன்றையடி, பாரிஸ் ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட, இளைப்பாறிய கட்டடக் கலைஞர் திரு. வோல்ட்டர் பெல்லமி அவர்கள்' என்று வந்துவிட்டது. செத்த வருடம் தெரியாதபடியால், முன்பு யாருக்கோ அடித்த 'கடந்த ஞாயிற்றுக்கிழமை காலமானார்' என்ற வரியை அப்படியே விட்டார். மீசை வைத்த படத்தைச் செருகினார். அடியில் வழக்கம்போல 'தகவல்: குடும்பத்தினர்' என்று இருந்தது. வீட்டார் தங்கள் இலக்கத்தைத் தரும்வரை தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு வைப்பது அவர் பழக்கம். அதையும் போட்டார்.

பிறகு 'அன்னார்' என்று தொடங்கும் வரி. அன்னார் யாருடைய அன்புக் கணவர்? யாருமில்லை. யாருடைய தந்தை? இல்லை. மாமனார், மைத்துனர், பேரனார்? இல்லை, இல்லை, இல்லை. 'அன்னார்' என்ற சொல்லுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. அந்தச் சொல்லையும் அழித்துவிட்டு, கோப்பைச் சேமித்துவிட்டு, வீட்டுக்குப் போனார். நாளைக்கு அடிக்கவேண்டியவை ஒரு பெட்டியிலும், பாதி வேலைகள் இன்னொரு பெட்டியிலும் இருக்கும். திரையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் அவர் அச்சகத்துக்குப் பிந்தித்தான் போனார். முதல் தொலைபேசி வழியிலேயே வந்தது. பழைய உணவகத்தில் கூட வேலை செய்த ஒருவர்.

"தில்லை அண்ணை, இப்பதான் கேள்விப்பட்டன். சரியான கவலை."

கண் விசயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது என்று தில்லையம்பலம் நினைத்தார். "அது பெரிசா ஒண்டுமில்லை. வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதானே."

"நீங்கள் மனத்தைரியம் உள்ள ஆள் அண்ணை. எப்ப, எங்கை?"

"வாற வியாழக்கிழமை. கிளினிக்கிலை."

"கிளினிக்கிலையோ?" என்றார் அவர், குழம்பிப்போய். தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரண்டாவது, மூன்றாவது என்று அழைப்புகள் வந்தபடி இருந்தன. எல்லோரும் கவலைப்பட்டார்கள். புரைக்கு இவ்வளவு துக்கமா என்று அவருக்கு விளங்கவில்லை. லா சப்பலுக்கு வந்தால், நிரோஜினி வேலைசெய்யும் மரக்கறிக் கடை வாசலில் ஒரு கூட்டம். அவரைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள். கதவில் கறுப்புக் கரை போட்ட தாள். அவர் மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். மீசை. குத்துவிளக்கு. வோல்ட்டர் பெல்லமி. அடியில் தன்னுடைய பெயர். முகத்தில் ஈயாடவில்லை.

அச்சகத்துக்குள் பாய்ந்தார். "சஞ்சீவன்! என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?"

சஞ்சீவன் எழும்பி நின்று கைகளைப் பிசைந்தான். "விடியவே அடிச்சு ஒட்டிப்போட்டன் அண்ணை. உங்கடை குடும்பத்திலை எண்டபடியால் கேக்கக்கூட இல்லை. துக்கத்திலை இருப்பியள் எண்டு..."

"அந்த மீசை என்ர குடும்பமோ? உனக்கு என்ர குடும்பத்தைத் தெரியாதோ?"

"தெரியாதுதானே அண்ணை. இருவது வருசமா நீங்கள் ஒண்டும் சொன்னதில்லை."

சஞ்சீவன் ஓடிப்போய்த் தாள்களைக் கிழித்தான். என்ன பிரயோசனம்? அதற்குள் படம் எடுத்து புறநகர் வில்லியே லே பெல்வரை எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பிவிட்டார்கள். படம் பழசாக இருந்தது யாரையும் உறுத்தவில்லை. தொண்ணூறு வயதில் போனவருக்கும் கலியாண நாள் படத்தைப் போடுகிற சனம் அல்லவா நாங்கள். மத்தியானத்துக்குள் கதை கால் முளைத்து நடந்தது. தில்லை அண்ணை இரகசியமாக ஒரு வெள்ளைக்காரியைக் கட்டியிருந்தாராம், செத்தது மாமனாராம், அதனால்தான் நாலாவது சம்பந்தத்தையும் வேண்டாம் என்றாராம். அவர் எவ்வளவு மறுத்தாலும், 'பாவம், துக்கத்தில் பேசுகிறார்' என்று சொல்லி வைத்தார்கள்.

பின்னேரம் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் படிகளில் காலடிச் சத்தம். நிரோஜினி கையில் பெரிய சட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய தகப்பனாருக்கு அவர்தான் கல்வெட்டு எழுதியவர். அவளுக்குப் பின்னால் சஞ்சீவனும் மனைவியும். அவர்களுக்குப் பின்னால் பழைய உணவகத்து ஆட்கள், கடைக்காரர்கள். நாலாம் மாடியிலிருக்கும் புதுச்சேரிக்காரர் பிலிப்பும் ஏறி வந்தார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். எல்லோர் கையிலும் ஏதோ ஒரு சட்டி இருந்தது. அந்த அறைக்குள் இத்தனை பேர் இதுவரை வந்ததில்லை. கதிரை ஒன்றுதான். மற்றவர்கள் நிலத்தில் இருந்தார்கள்.

"பிள்ளையள், நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அது எங்கடை பள்ளிக்கூட மண்டபம் கட்டின வெள்ளைக்காரன். செத்து எண்பது தொண்ணூறு வருசம். எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"ஓம் அண்ணை, ஓம்" என்றார் ஒருவர், முதுகைத் தடவியபடி. "அழுதால் ஆறும்."

பிலிப் தன் சந்தேகத்தைக் கேட்டார். "பெல்லமின்னா நம்ம புதுச்சேரி பெல்லமியா, மிசியே தில்லை? எங்க தெருவுல ஒரு பெல்லமி குடும்பம் இருந்துச்சே."

"இல்லை, இல்லை, இது இங்கிலீசுக்காரன்."

"அப்ப இங்க எதுக்கு வந்தாரு?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

நிரோஜினி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தாள். செத்த வீட்டில் கேட்கிற கேள்விகளை ஒருவர் மாறி ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். என்ன வயது, என்ன வருத்தம், என்ன உத்தியோகம், ஊருக்கு ஏன் போகவில்லை. மறுத்து மறுத்து அலுத்துப்போன தில்லையம்பலம் கடைசியில் சொல்லத் தொடங்கினார். நொரிச்சிலிருந்து தொடங்கி, சென்னைக் கப்பல், முன்னால் நவாப்பும் பின்னால் ரோமாபுரியுமான நீதிமன்றம், கொழும்புக் கழிப்பறைகள் எல்லாம் சொன்னார். நீதிமன்றக் கதைக்குச் சிரித்தார்கள். செத்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று பிறகு வாயைப் பொத்தினார்கள்.

"மண்டபத்துக்கை அடுப்பு வைச்சவர், எங்கடை வெக்கைக்கை" என்றார் தில்லையம்பலம். "ஏன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்கடை அடுப்புக்கு மேலை பிள்ளையார் இருக்கிறார், ஏன் எண்டு அந்த வெள்ளைக்காரன் கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்றாள் நிரோஜினி.

தில்லையம்பலம் திரும்பிச் சலவைக்கல் தட்டைப் பார்த்தார். அது அடுப்பு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மூலையிலிருந்து சஞ்சீவனின் மனைவி, செத்த வீட்டில் எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "சீவன் போகேக்கை பக்கத்திலை ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. ஹோட்டல்காரி காலமை கதவைத் தட்டிப் பாத்தவவாம். திறக்கேல்லை. ஆளைத் தேடி ஒருத்தரும் வரேல்லை." அவ்வளவுதான் சொன்னார். தோளைக் குலுக்கிக்கொண்டு அழுதார். தமையன் செத்த செய்திக்குக்கூட அவர் இப்படி அழுததில்லை. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரனுக்கு, மீசையா தாடியா என்றுகூடத் தெரியாதவனுக்கு ஏன் அழுகிறோம் என்று அழுகைக்கு நடுவிலேயே யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒரு சம்பந்தமும் இல்லையெண்டால் பிறகேன் அண்ணை அழுறியள்?" நிரோஜினி மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கே தெரியேல்லை. வாற வியாழக்கிழமை எனக்குக் கண் ஒப்பரேசன். ரெண்டு கண்ணும் தெரியேல்லைப் பிள்ளை. அதாலைதான் இந்தப் பிழை எல்லாம். கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேணுமாம். ரெண்டு தரம் பொய் சொல்லித் தள்ளிப்போட்டன்."

எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"என்ன மனிசன் நீங்கள்? எதிர்க் கடையிலை நான் இருக்கிறன்!"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை! கடையைப் பூட்டிப்போட்டு வந்திருப்பன்!"

"மிசியே, நான் ஒரு மாடி கீழதான இருக்கேன்!"

இந்த அமளிக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சாரதாதேவி ரீச்சர் வந்தார். ஐந்து மாடி ஏறிய களைப்பிலும் கையில் அறிவித்தலை உயர்த்திப் பிடித்திருந்தார். "தில்லையம்பலம்! லண்டன் கிளை என்னைக் கேட்டுச் சிரிக்குது! நூறு வருச விழாவுக்குச் செத்தவீடு வைச்ச கிளை எண்டு..." என்று தொடங்கியவர், அழுத முகத்தையும் நிலத்தில் இருந்த கூட்டத்தையும் கண்டு நிறுத்தினார். நிரோஜினி அவரைக் கதிரையில் இருத்தி, கையில் சோற்றுக் கோப்பையைக் கொடுத்து, விசயத்தைச் சொன்னாள். ரீச்சர் சாப்பிட்டு முடித்தார்.

"எந்தக் கிளினிக்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னார் தில்லையம்பலம். "விடிய எத்தினை மணிக்கு?" அதையும் சொன்னார். ரீச்சர் கையைக் கழுவிவிட்டு வந்து அறிவித்தலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "அந்த மனிசனுக்கு இண்டைக்குத்தான் செத்தவீடு நடந்திருக்குது. சோறும் சாப்பிட்டாச்சு. இனி அவர் எங்கடை ஆள்தான். அப்பிடியே எழுதுங்கோ."

யார் கிளினிக்குக்குப் போவது என்று அதன்பிறகு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. கடையைப் பூட்டுவது தனக்குச் சுலபம் என்றான் சஞ்சீவன். வியாழன் தனக்கு ஓய்வு என்றாள் நிரோஜினி. தனக்குத்தான் பிரெஞ்சு ஒழுங்காக வரும் என்றார் பிலிப். முடிவு காணாமலே சட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். யார் வருவதென்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கும் கேட்க வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் தில்லையம்பலம் தனியாகத்தான் போனார். வாசலில் காத்துப் பார்த்தார். மற்றவர் போவார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தபடி உள்ளே போனார். கூட்டிப்போக வருகிறவரின் பெயர் என்ன என்று வரவேற்பில் கேட்டார்கள். அவர் விழித்தார். வருவினம் என்பதை எந்தப் பெயரோடு சொல்வது? "வருவார்கள்" என்றார் பிரெஞ்சில், பன்மையில். பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினாள்.

மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்தார்கள். வெளிச்சம் ஒன்று வந்து வந்து போனது. பெல்லமியின் கதவை ஹோட்டல்காரி தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆள் வராவிட்டால் என்ன செய்வார்கள்? இங்கேயே இருத்தி வைப்பார்களா? எவ்வளவு நேரம்? யாரைக் கேட்பது?

முடிந்தது என்றார்கள். அன்றைக்குச் செய்த ஒரு கண்ணைப் பொத்திக் கட்டியிருந்தார்கள். மற்றக் கண்ணில் பழைய பனிப்புகார்தான். தாதி அவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, காத்திருப்போர் அறையின் கதவைத் திறந்தாள்.

"மிசியே தில்லையம்பலத்தின் குடும்பத்தார் யார்?"

தில்லையம்பலம் தாதியின் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபட்டது. கூடவே இன்னொன்று. அதற்குப் பின்னால் வரிசையாக, கிரீச் கிரீச்சென்று, எத்தனை என்று எண்ண முடியாமல் இழுபட்டன.

தாதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஒருவர் போதும்" என்றாள். ஒருவரும் திரும்ப நாற்காலியில் இருக்கவில்லை.

"ஆர், ஆர் வந்திருக்கிறது?" என்று தில்லையம்பலம் புகாருக்குள் பார்த்துக் கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் மறுமொழி சொன்னார்கள். பிரெஞ்சும் தமிழுமாக ஒரே இரைச்சல். ஒரு பெயரும் தனியாக விளங்கவில்லை.

"சரி, சரி" என்றார் அவர். "வாங்கோ, வீட்டை போவம்."